குடத்தலையனுக்கு ஒரு மேகம்

ஆழிவீரனின் அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை. நான் நலமாக இல்லை. கோபமாக இருக்கிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பது கடவுளுக்கும் உங்கள் அண்ணிக்கும் மட்டும்தான் தெரியும்.

போன் செய்தால் எடுப்பதில்லை. தப்பித் தவறி எடுத்தால் ‘ம்’, ‘சரி’, ‘அப்புறம் பேசறேன்’. வாயைத் திறந்தால் உள்ளே இருப்பது கொட்டிவிடும் என்று பயமா? அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது பாருங்கள்.

‘அண்ணனுக்குக் காய்ச்சல், ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்’ என்று பையைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். போன மனுஷன் போனவர்தான். இங்கே நம் படக்கதைச் சிறப்பு மலர் முழுக்க முடிந்துவிட்டது. பென்சில் வேலை, மை வேலை, எழுத்து எல்லாம் ஆகிவிட்டது. கடைசி மூன்று பக்கம் மட்டும் வெறும் கட்டமாகக் கிடக்கிறது. கதை எழுதுகிறவர் கதை தந்தால்தானே படம் போடுகிறவள் படம் போட முடியும்? குடத்தலையன் கப்பலுக்குள் நிற்கிறான், ஆழிவீரன் கப்பலுக்கு வெளியே மிதக்கிறான். இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பத்திரிகை முதலாளி உயிரை வாங்குகிறார். இந்தச் சிறப்பு மலரோடு குடத்தலையன் கதை முடிந்தாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். பெற்றோர் மொட்டைக் கடுதாசி போடுகிறார்களாம். பிள்ளைகள் நாயகன் பக்கம் நிற்காமல் வில்லன் பக்கம் நிற்கிறார்களாம். பாடம் சொல்லிக்கொடுக்கிற டீச்சரிடமே ஒரு வகுப்பு முழுக்க எழுந்து நின்று, குடத்தலையன் மாதிரியே ‘மூச்சும் எங்கிட்ட, பேச்சும் எங்கிட்ட!’ என்று கத்தியிருக்கிறது. நம் வீட்டு வாண்டு மட்டும் என்ன ஒழுங்கு? குளிக்கக் கூப்பிட்டால் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அதையேதான் கத்துகிறாள்.

எல்லாம் நீங்கள் போட்ட விதியால் வந்த வினை. தண்ணீருக்கடியில் யாரும் பேசக் கூடாது என்று முதல் இதழிலேயே பிடிவாதம் பிடித்தீர்கள். வாயைத் திறந்தால் தண்ணீர் உள்ளே போகாதா என்று நியாயம் வேறு. அதனால் நம் ஆழிவீரன் திமிங்கிலத்தோடு மல்லுக்கட்டினாலும் மனசுக்குள் நினைக்க மட்டும்தான் செய்வான். தலைக்கு மேல் ஒரு மேகம், மேகத்துக்குக் கீழே நாலைந்து குமிழி. அவ்வளவுதான் அவன் வாழ்க்கை. செம்புக் குடத்தைத் தலையில் மாட்டிக்கொண்டு, குழாய் வழியாகக் காற்று வாங்கி, வாய் ஓயாமல் பேசுகிறவன் குடத்தலையன் ஒருவன்தான். வால் வைத்த பேச்சுப் பலூன் கடலிலேயே அவனுக்கு மட்டும்தான். பேசுகிறவனைத்தானே பிள்ளைகளுக்கு ஞாபகம் இருக்கும்?

அவன் பேச்சுக்காக நான் எத்தனை பவளப்பாறையை அழித்திருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியுமா? ஆசை ஆசையாக ஒரு கடலை வரைந்து முடித்தால், அதில் பாதியை மறைக்கிற அளவுக்கு அவனுக்கு வசனம் எழுதித் தருவீர்கள். வில்லன் என்றால் புதையலைத் திருடுவான், உலகத்தை அழிப்பான். இவனுக்குக் கடலில் ஒழுங்கு இல்லை என்பதுதான் குறை. மீன்களை வரிசையில் நிறுத்துவான். சுறாவை முட்டி போட வைப்பான். சுறாவுக்கு முட்டி ஏது என்று கேட்டால், ‘நீ வரைஞ்சுடுவே’ என்று போய்விடுவீர்கள்.

இவனை எங்கே பிடித்தீர்கள் என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. கல்யாணமாகி உங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாளே எனக்கு விளங்கிவிட்டது. பள்ளிக்கூட விளையாட்டு மைதானத்தில் நிற்கிற நினைப்பிலேயே வீட்டிலும் நிற்பார் உங்கள் அண்ணன். செருப்பை நேராக விடு, டம்ளரை இப்படிப் பிடி, நிமிர்ந்து உட்கார். விசில் ஒன்றுதான் இல்லை. அவர் பேசப் பேச, நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு மனசுக்குள்ளேயே பதில் சொல்லிக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். உங்கள் தலைக்கு மேல் மேகம் கூட எனக்குத் தெரிந்தது.

குடத்தலையன் யார் என்று தெரிந்தால் வீடு இரண்டாகிவிடும் என்று எல்லாரும் பயந்தோம். அவரோ புத்தகத்தை நின்றபடியே முழுக்கப் படித்துவிட்டு, ‘மீனெல்லாம் உயரப்படி நிக்கலையே, யார் வரைஞ்சது?’ என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு இதழிலும் அதே குறைதான். குட்டை முன்னே, நெட்டை பின்னே, இது கூடத் தெரியாதா என்பார். நானும் வீம்புக்கு அவற்றைக் கலைத்துக் கலைத்தே வரைந்துவிட்டேன்.

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. துணி சுற்றி வைத்திருக்கிறேன். பிளம்பர் நாளைக்கு, நாளைக்கு என்று உங்களை மாதிரியே சொல்கிறார்.

உங்கள் அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள். காய்ச்சலில் கூட அவர் வாய் ஓய்ந்திருக்காது; டாக்டரையே வரிசையில் நிறுத்தியிருப்பார். அவர் பேச்சில் மாட்டிக்கொண்டுதான் உங்களுக்கு எழுத நேரம் இல்லை என்று நினைத்து மனசைத் தேற்றிக்கொள்கிறேன். மூன்று பக்கத்தை அனுப்புங்கள். அதற்கு மேல் உங்களிடம் எதையும் கேட்கவில்லை.

கோபம் குறையாமல்,
உங்கள் வீட்டுக்காரி

*

ஆழிவீரனின் அப்பாவுக்கு,

மூன்று பக்கம் வந்து சேர்ந்தது. இதற்கு வராமலே இருந்திருக்கலாம்.

தூக்கத்தில் எழுதினீர்களா? படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. கப்பல் உடைகிறது, தண்ணீர் உள்ளே புகுகிறது, சரி. ஆனால் குடத்தலையன் வசனத்துக்கு எதிரே எல்லாம் ‘மேகம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஆழிவீரன் வசனத்துக்கு எதிரே ‘வால்’. இத்தனை வருஷம் நாயகன் பேசினதே இல்லை, வில்லன் வாய் மூடினதே இல்லை. நீங்கள் போட்ட விதியை நீங்களே தலைகீழாக்கி வைத்திருக்கிறீர்கள். பக்கத்தில் இருந்திருந்தால் தாளைக் கையில் கொடுத்து மறுபடி எழுத வைத்திருப்பேன்.

அது போகட்டும், இடம் மாறிப்போயிருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் வசனம்? கடலுக்கு நடுவில் நிற்கிற குடத்தலையன், ‘தண்ணி வேணும்’ என்று நினைக்கிறானாம். சுற்றிலும் அவ்வளவு தண்ணீரை நான் வரைந்து வைத்திருக்கிறேன், போதாதா அவனுக்கு? அடுத்த கட்டத்தில், ‘ஜன்னலைச் சாத்து, வெளிச்சம் கண்ணைக் குத்துது’. அதற்கடுத்தது, ‘தலையணை சரிஞ்சிருக்கு, யாராவது பாருங்களேன்’. செம்புக் குடத்துக்குத் தலையணை எதற்கு என்று நான் யாரைப் போய்க் கேட்பது? பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்தாலும் பரவாயில்லை, புத்தகத்தை வீசி எறிவார்கள்.

ஆழிவீரன் அதற்கு மேல். வில்லனைப் பார்த்து, ‘என்ன வேணும், சொல்லுங்க’ என்கிறான். சொல்லுங்க! தன் ஊரையே வரிசையில் நிறுத்தினவனுக்கு மரியாதை கேட்கிறதாம். ஒரு தடவை இல்லை, மூன்று பக்கத்திலும் அவனுக்கு அந்த ஒரே வசனம்தான். என்ன வேணும், சொல்லுங்க. என்ன வேணும், சொல்லுங்க. எனக்கு வந்த ஆத்திரத்தில் மை பாட்டில் சாய்ந்து மேஜை விரிப்பு வீணாய்ப் போனது.

போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. உங்கள் அண்ணியும் எடுக்கவில்லை. அங்கே எல்லாருமாகச் சேர்ந்து என்னதான் செய்கிறீர்கள்? இங்கே முதலாளி வாசலில் வந்து நின்றுவிட்டார். நானே ஒரு முடிவுக்கு வந்தேன். மேகத்தை எல்லாம் வாலாக்கினேன், வாலை எல்லாம் மேகமாக்கினேன். தண்ணீர், ஜன்னல், தலையணை மூன்றையும் அடித்துவிட்டு, குடத்தலையனுக்கு வழக்கமான வீராப்பை நானே எழுதினேன். கடைசிக் கட்டத்தில் குடம் உடைந்து மூழ்கும்போதும், ‘மூச்சும் எங்கிட்ட, பேச்சும் எங்கிட்ட!’ என்று கத்திக்கொண்டே போகிறான். உங்களுக்குப் பதிலாக நான் எழுதினது இதுதான் முதல் தடவை. சொன்னால் அடிக்க வருவீர்கள், ஆனால் சுலபமாக வந்தது. இத்தனை வருஷம் அவன் பேச்சைப் பலூனில் அடைத்து அடைத்து எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது போலிருக்கிறது.

பக்கங்களை அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டேன். முதலாளிக்குப் பரம திருப்தி. நீங்கள் வந்து கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளுங்கள். கோபமாகவாவது நாலு வார்த்தை பேசினால் எனக்குச் சந்தோஷம்தான்.

பிளம்பர் இன்னும் வரவில்லை. வாண்டு உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாள். அவளுக்காவது ஒரு வரி எழுதக் கூடாதா?

அலுத்துப்போய்,
உங்கள் வீட்டுக்காரி

*

என்னங்க,

உங்கள் அண்ணி போன் செய்தார். இப்போதுதான் எனக்குத் தெரியும்.

அக்கா நிறையப் பேசவில்லை. உங்கள் அண்ணனுக்குக் காய்ச்சல் இல்லை என்றார். அன்றைக்குக் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி, செருப்பு மாட்டக் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம். வலது பக்கம் அசைவில்லை. நினைவு நன்றாக இருக்கிறது, ஆட்களைத் தெரிகிறது, பேச்சு மட்டும் வரவில்லையாம். நீங்கள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன வேணும், சொல்லுங்க, என்ன வேணும், சொல்லுங்க என்று நாள் முழுக்க அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்களாம். தண்ணீரா என்று கேட்கிறீர்களாம், ஜன்னலா என்று கேட்கிறீர்களாம், தலையணையா என்று கேட்கிறீர்களாம். கண்ணை மூடித் திறந்தால் ஆமாம் என்று அர்த்தமாம்.

போனை வைத்துவிட்டு உங்கள் மூன்று பக்கத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். மேலே எழுத முடியாமல் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போனேன். இப்போது வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் மேல் இன்னும் கோபம்தான். அதை மறைக்கப் போவதில்லை. எனக்கு ஏன் சொல்லவில்லை? சொன்னால் எனக்குக் குடத்தலையனை வரையக் கை வராது என்றீர்களாம், அக்கா சொன்னார். கை வராதுதான். வராவிட்டால் போகட்டும். மலர் நின்றால் குடி முழுகிவிடுமா? மேகத்தை வாலாக்கி, தாகத்தை அடித்துவிட்டு, வாயில்லாமல் கிடக்கிறவருக்கு வீராப்பு எழுதி வைத்திருக்கிறேனே, இந்தப் பாவத்தை நான் எங்கே போய்த் தொலைப்பது? இத்தனை வருஷம் கூட இருக்கிறேன். என்னிடமும் உங்களுக்கு மேகம்தானா? என்னிடமாவது ஒரு தடவை வாலோடு பேசக் கூடாதா?

என் முதல் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினீர்களாம். காய்ச்சலில் கூட வாய் ஓய்ந்திருக்காது என்று நான் எழுதின இடம் வந்ததும் அவர் வாயோரம் ஒரு பக்கமாகத் துடித்ததாம். சிரித்தாரா, அழுதாரா என்று தெரியவில்லை என்றார் அக்கா. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இரண்டாவது கடிதம் வந்து சேர்ந்திருந்தால் படிக்காமல் கிழித்துப் போடுங்கள். வேண்டாம், கிழிக்காதீர்கள், அதையும் படித்துக் காட்டுங்கள். செம்புக் குடத்துக்குத் தலையணை எதற்கு என்ற இடத்தில் அவர் சிரித்தாலும் சிரிப்பார்.

ஆட்டோ பிடித்து அச்சகத்துக்கு ஓடினேன். நல்லவேளை, பக்கங்கள் இன்னும் மெஷின் ஏறவில்லை. பக்கங்களைத் திருப்பிக் கேட்டதும் மெஷின்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். முதலாளி வந்து குதித்தார். நான் காரணம் சொல்லவில்லை. நம் வீட்டு விஷயத்தை அவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? குடத்தலையன் சாகமாட்டான் என்று மட்டும் சொன்னேன். சாகாமல் பின்னே என்னதான் ஆவான் என்று அவர் கத்தினார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். யாரைக் கேட்டு என்றார். பக்கங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்துவிட்டேன். கடைசியில் ஒரு பேய்க்கதையை முன்னே தள்ளிவிட்டு, எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுத்திருக்கிறார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கொடுத்தார்.

மூன்று பக்கத்தையும் புதிதாக வரைந்துவிட்டேன். நீங்கள் எழுதியபடியே. தண்ணீர், ஜன்னல், தலையணை எல்லாம் இருக்கிறது. மேகம் மேகமாகவே இருக்கிறது. அழுதுகொண்டே வரைந்ததில் ஓரிரண்டு இடத்தில் மை கலைந்திருக்கும், அது கடல்தானே, யாருக்கும் தெரியாது. ஆழிவீரனுக்கு முதல் தடவையாக வால் வைத்தேன். தண்ணீருக்கடியில் எப்படிப் பேசினான் என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும். விதி நாம் போட்டதுதானே.

கடைசிக் கட்டத்தை மட்டும் முடிக்கவில்லை; அந்தப் பக்கத்தை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். குடத்தலையன் குடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஆழிவீரன் எதிரே உட்கார்ந்திருக்கிறான். குடத்தலையன் தலைக்கு மேல், நான் இதுவரை போட்டதிலேயே பெரிய மேகம். என் பவளப்பாறை எல்லாம் அதற்கடியில் போய்விட்டது, போகட்டும். மேகத்துக்குள் ஒரு எழுத்து கூட இல்லை. நீங்களும் எழுதாதீர்கள். அவர் இடது கையில் பென்சிலைக் கொடுங்கள். பிடிக்க வராவிட்டால் நீங்கள் கூடப் பிடித்துக்கொள்ளுங்கள், ஆனால் இழுக்காதீர்கள். கோடு விழட்டும், கிறுக்கல் விழட்டும், வெறும் புள்ளி விழட்டும். விழுந்ததை மயிரிழை கூட மாற்றாமல் அப்படியே மை போட்டு அச்சுக்குக் கொடுப்பேன். படிக்கிற பிள்ளைகளுக்குப் புரியாவிட்டால் அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

நீங்கள் அவரிடம் பேசுங்கள். என்ன வேணும் என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். சின்ன வயசிலிருந்து மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்த பதிலை எல்லாம் இப்போது வாய்விட்டுச் சொல்லுங்கள். சண்டை போட வேண்டுமென்றாலும் போடுங்கள். அவருக்கு அது பிடிக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆழிவீரன் வாயைத் திறந்துவிட்டான், இனி உங்களுக்குச் சாக்கு கிடையாது.

வெள்ளிக்கிழமை வாண்டுவை அழைத்துக்கொண்டு நானும் அங்கே வருகிறேன். வேண்டாம் என்று சொல்லிப் பிரயோஜனமில்லை, டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஒழுகுகிற குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கட்டும். வாளியைக் கவிழ்த்துக்கொண்டு பெரியப்பாவுக்குப் பேசிக் காட்டுவேன் என்கிறாள். காட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்னும் ஒன்று. அந்தக் கட்டத்தில் பின்னால் மீன்கள் நிற்கின்றன. இந்தத் தடவை நான் வீம்பு பிடிக்கவில்லை. குட்டை முன்னே, நெட்டை பின்னே, அவர் சொன்ன மாதிரியே உயரப்படி நிறுத்தியிருக்கிறேன். ஒரே ஒரு மீனை மட்டும் வேண்டுமென்றே இடம் மாற்றி வைத்தேன். எது என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன், நீங்களும் தேடாதீர்கள். பக்கத்தை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சும்மா இருங்கள். அவர் விரல் எந்த மீன் மேல் போய் நிற்கிறது என்று மட்டும், நான் வந்து இறங்கியதும், வாயைத் திறந்து எனக்குச் சொல்லுங்கள்.

அவர் நன்றாக இருக்க வேண்டும். நீங்களும்.

உங்கள்,
மீன்களைக் கலைத்து வரைந்தவள்